வில்லங்கம்

வீட்டுக் கடன் மனு ஒன்று மேஜைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது வில்லங்கச் சான்றிதழைத்தான். மனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எப்போது அடமானம், எப்போது மீட்பு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மனையில் என்ன செடி முளைத்திருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேட்கிறார்கள். வீட்டை விற்பவர் பூர்த்தி செய்து தரும் படிவத்தில், எல்லைச் சுவர் யாருடையது, அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா என்பன போன்ற கேள்விகளுக்கிடையில், பத்து வருஷத்துக்கும் மேலாக இப்படி ஒரு கேள்வியும் இருந்துவருகிறது: இந்தச் சொத்தில் ஜப்பானிய நாட்வீட் உண்டா? பதிலுக்கு மூன்று கட்டங்கள். உண்டு, இல்லை, தெரியாது.

அழகுக்காக நட்ட ஒரு தோட்டச் செடியின் பெயர் சொத்துக் காகிதங்களோடு சேர்ந்துவிட்டது என்றால் அதற்கு முன்னால் என்னவெல்லாமோ நடந்திருக்க வேண்டும். நடந்தது நூற்றெழுபது வருஷத்துக் கதை. 'களை' என்ற சொல்லை நாம் எவ்வளவு அஜாக்கிரதையாகப் பிரயோகிக்கிறோம் என்பதை இந்தக் கதை எனக்குக் காட்டிற்று. அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி செடிகளில் எனக்கு விசேஷப் பயிற்சி எதுவும் கிடையாது.

*

செடியை முதலில் சொல்லிவிடலாம். வசந்தத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு செந்நிறக் குருத்துகள் கிளம்புகின்றன. நல்ல பருவத்தில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி மூன்று மீட்டரை எட்டிவிடும். தண்டு மூங்கில் மாதிரி. உள்ளே குழல், வெளியே கணுக்கள். நாட்வீட் என்ற பெயரே கணுவை வைத்து வந்ததுதான். கோடை முடியும் சமயத்தில் வெண்மையான சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக. குளிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் பழுப்பாகிக் காய்ந்து நிற்கும். உயிர் தரைக்கடியில், இஞ்சியும் மஞ்சளும் ஓடுவது போல் ஓடுகிற தண்டில் பத்திரமாக இருக்கும். ஜப்பானில் இதற்கு இதாதோரி என்று பெயர். அங்கே இதன் இளங்குருத்தைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இதை ஐரோப்பாவில் பிரபலப்படுத்தியவர் பிலிப் ஃப்ரான்ஸ் ஃபான் ஸீபோல்ட். ஜெர்மன் வைத்தியர். டச்சுக்காரர்களின் சேவகத்தில் 1823ல் ஜப்பான் போனார். அந்நாளில் ஜப்பான் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டுமே அனுமதித்திருந்தது. அவர்களையும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவுக்குள் வைத்திருந்தது. ஸீபோல்ட் வைத்தியம் பார்த்தார், ஜப்பானிய மாணவர்களுக்குப் பாடம் சொன்னார், செடிகளும் பொருள்களும் சேர்த்தார். 1828ல் அவரிடம் ஜப்பானின் தேசப்படங்கள் இருப்பது வெளியாயிற்று. தேசப்படம் அந்நியன் கைக்குப் போவது அங்கே பெருங்குற்றம். படத்தைக் கொடுத்த அரசாங்க வானசாஸ்திரி தகாஹாஷி ககெயாஸு 1829ல் சிறையிலேயே இறந்துபோனார். அதே வருஷம் ஸீபோல்ட் நாடு கடத்தப்பட்டார்.

காகிதத்துக்காக ஒரு மனிதன் உயிர் போயிற்று. செடிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவரோடும், பிற்பாடு அவருக்கு அனுப்பப்பட்டும், ஜப்பானியச் செடிகள் ஹாலந்து வந்து சேர்ந்தன. ஒரு ராஜ்யம் தன்னிடமிருந்து எது வெளியே போகக் கூடாது என்று யோசிக்கும்போது, தன் மலைச்சரிவெல்லாம் கிடக்கிற ஒரு செடி ஞாபகத்துக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ஜப்பானுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே.

லெய்டன் நகரில் ஸீபோல்ட் தோட்டம் போட்டு, ஜப்பானியச் செடிகளைப் பழக்கி, விற்றார். 1847ல் உட்ரெக்ட்டில் உள்ள விவசாய, தோட்டக்கலைச் சங்கம் அந்த வருஷத்தின் மிக சுவாரஸ்யமான புதிய அலங்காரச் செடி என்று இதாதோரிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. ஸீபோல்டின் விற்பனைப் பட்டியல் அழகோடு நிற்கவில்லை. மணல்மேடுகளைக் கட்டிப் பிடிக்கும், மாட்டுக்குத் தீவனமாகும், மற்றப் பூக்கள் ஓய்ந்த பருவத்தில் தேனீக்கு உணவாகும் என்றெல்லாம் சொல்லிற்று. இவற்றில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணலைப் பிடிக்கும் என்றால் எதையும் பிடிக்கும் என்று அர்த்தம். அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை. 1850ல் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள க்யூ தாவரத் தோட்டத்துக்கு ஸீபோல்ட் கேட்காமலே ஒரு பார்சல் செடிகள் அனுப்பினார். அதில் இதுவும் இருந்தது. 1854ல் எடின்பரோ தாவரத் தோட்டத்துக்குப் போயிற்று. பிறகு நர்சரிக்காரர்கள் விற்றார்கள், அண்டை அயலார் பதியன் கொடுத்து வாங்கினார்கள்.

*

யார் இதை விரும்பி வாங்கினார்கள் என்பது நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். ரசனை இல்லாதவர்கள் அல்ல. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தோட்டம் என்றால் கண்ணாடி வீட்டில் நாற்று வளர்த்து, பளிச்சென்ற நிறங்களில், ஜமக்காளம் விரித்தது போல் கோலம் போடுவது என்றாகிவிட்டிருந்தது. பருவம் முடிந்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த ஜமக்காளம். இதை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்களில் முக்கியமானவர் வில்லியம் ராபின்ஸன். அயர்லாந்துக்காரர், தோட்டக்காரராக வாழ்க்கையை ஆரம்பித்தவர். செடி தன் போக்கில், தன் உருவத்தில் வளர வேண்டும், வேற்று நாட்டுச் செடியானாலும் காட்டில் நிற்பது போல் நிற்க வேண்டும் என்று 1870ல் காட்டுத் தோட்டம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வைத்துவிட்டால் ஆள் வைத்துப் பராமரிக்கத் தேவையில்லாத செடிகளைச் சிபாரிசு செய்தார். அந்த வரிசையில் இதாதோரியும் இருந்தது.

ராபின்ஸன் சொன்னது அடிப்படையில் சரிதான் என்று இன்றும் தோன்றுகிறது. இங்கிலாந்தின் தோட்டங்கள் அவருக்குக் கடன்பட்டவை. செயற்கைக்கு எதிராக அவர் எடுத்த நிலையில் நேர்மை இருந்தது. ஆனால் 'தானாக வளரும்' என்பதை அவர் ஒரு அழகியல் குணமாக மட்டுமே பார்த்தார். பிற்காலத்தில் அவரே இந்தச் செடியை வைப்பது சுலபம், அகற்றுவது கஷ்டம் என்று எச்சரிக்க நேர்ந்தது. அதற்குள் அது வேலிக்கு வெளியே போய்விட்டிருந்தது. கலகம் செய்கிறவர்கள் எதை எதிர்க்கிறோம் என்பதில் காட்டும் கவனத்தை எதைப் பதிலாக வைக்கிறோம் என்பதில் காட்டுவதில்லை. இது தோட்டத்துக்கு மட்டும் பொருந்துகிற குறை அல்ல.

வேலிக்கு வெளியே இது பதிவானது 1886ல். தெற்கு வேல்ஸில் மெய்ஸ்டெக் என்ற இடத்தில், சாம்பல் மேடுகளின் மேல் ஏராளமாக வளர்ந்திருப்பதாக கார்டிஃப் பகுதித் தாவரங்களைப் பற்றிய ஒரு நூல் குறித்தது. இரும்பும் நிலக்கரியும் ஆண்ட பள்ளத்தாக்கு அது. உலைகளிலிருந்து கொட்டிய கசடும் சாம்பலும் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. மற்றச் செடிகளுக்கு அங்கே பிழைப்பில்லை. இதாதோரிக்கு அது சொந்த ஊர். ஜப்பானில் ஃபூஜி மலையின் எரிமலைக் கசடில் முதலில் கால் வைக்கிற செடிகளில் ஒன்று இது. எரிமலை செய்ததை வேல்ஸில் தொழிற்புரட்சி செய்து வைத்திருந்தது. அலங்காரத் தோட்டம் இந்தச் செடியைக் கொண்டுவந்தது என்றால், அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது தொழிற்சாலை. ரயில் பாதை போட்டபோதும் சாலை போட்டபோதும் கட்டிடம் கட்டியபோதும் மண் இடம் மாறிற்று. மண்ணோடு செடியும் போயிற்று. ஆற்றங்கரையில் நின்றதை வெள்ளம் எடுத்துப் போயிற்று.

*

இப்போது இந்தக் கதையில் என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டனின் பல பாகங்களிலிருந்து இந்தச் செடியின் 150 மாதிரிகளை எடுத்து அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, முடிவை 2000ல் வெளியிட்டார்கள். அத்தனையும் ஒன்றே. ஒரே ரகம் என்ற அர்த்தத்தில் அல்ல, ஒரே உயிர். ஸீபோல்டின் சரக்கிலிருந்து கிளம்பியதாகக் கருதப்படும் ஒரே பெண் செடி, துண்டு துண்டாகி நாடெங்கும் நிற்கிறது. அதற்கு மகரந்தம் கொடுக்கத் தன் இனத்து ஆண் செடி அங்கே இல்லை. அபூர்வமாக விதை பிடித்தால் அது வேறு உறவுச் செடிகளோடு கலந்த கலப்பு. ஆகவே பிரிட்டனில் அது விதையால் பரவவில்லை. ஒரு கிராம் எடைகூட இல்லாத வேர்த்தண்டுத் துண்டு போதும், புதிய செடி கிளம்பிவிடும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு பொருளைப் பற்றிய மனிதர்களின் அபிப்பிராயம் காலத்தில் மாறினால், பொருளும் கூடவே மாறியிருக்குமோ என்ற சந்தேகம் சரித்திரம் எழுதுகிறவனுக்கு எப்போதும் உண்டு. ஒரு மொழி மாறும், ஒரு ஜாதி மாறும், ஒரு ஊர் மாறும். இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1847ல் பதக்கம் வாங்கியதும், பிற்பாடு குற்றப்பட்டியலில் ஏறியதும், இன்று கடன் மனுவைத் தடுக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே உடல். அது கற்றுக்கொள்ளவில்லை, கெட்டுப்போகவில்லை. நடுவில் மாறியதெல்லாம் நாம்தான்; அதோடு எண்ணிக்கையும்.

எண்ணிக்கையை அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு புதர் அழகு. ஆற்றங்கரை முழுக்க அதே புதர் என்றால் அதன் நிழலில் வேறு எதுவும் முளைப்பதில்லை. குளிர்காலத்தில் அது காய்ந்துவிட்டால் கரை மொட்டையாகி, மண் நீரோடு போகிறது. நாடு முழுவதும் இதை ஒழிப்பதென்றால் 156 கோடி பவுண்டு ஆகும் என்று 2003ல் அரசாங்கத்தின் மதிப்பீடு ஒன்று சொல்லிற்று. ஒழிக்க ஒருவரும் முன்வரவில்லை என்பது அந்தத் தொகையிலேயே அடக்கம்.

*

வீட்டுத் தோட்டத்தில் நடக்கிற சண்டை எப்படிப்பட்டது? இந்தச் செடியைப் பார்த்ததும் மனிதன் செய்கிற முதல் காரியம் மண்வெட்டியை எடுப்பது. அதுதான் அது எதிர்பார்க்கிற காரியம் என்று சொல்லத் தோன்றுகிறது. கொத்தக் கொத்த வேர்த்தண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. கொத்தியதைக் குப்பைக்குழியில் போட்டால் எரு இடும் இடமெல்லாம் முளைக்கிறது. வேலிக்கு அப்பால் எறிந்தால் அடுத்த வீட்டில். ஓடையில் எறிந்தால் அடுத்த ஊரில். கோபம் அதிகமாக இருக்கிறவன் தோட்டத்தில் செடியும் அதிகமாக இருக்கும்.

பலன் தருகிற முறை வேறு மாதிரியானது. தண்டை வெட்டினால் மண் படாமல் விரிப்பின் மேல் போட்டுக் காயவிட வேண்டும். கோடை முடிவில், செடி குளிர்காலத்துக்காக உணவைக் கீழே இறக்குகிற சமயம் பார்த்து, கிளைஃபோஸேட் மருந்தை இலையில் தெளிக்க வேண்டும் அல்லது தண்டில் ஏற்ற வேண்டும். செடியே அதை வேருக்கு எடுத்துப் போகும். அடுத்த வருஷம் மறுபடியும். அதற்கடுத்த வருஷமும். ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தார் பல முறைகளை வயலில் பரீட்சித்து 2018ல் முடிவு சொன்னார்கள்: மூன்று வருஷத்தில் எந்த முறையும் இதை முழுதாக ஒழிக்கவில்லை. தோட்டக்காரனுக்கு வெற்றி என்ற சொல் இங்கே உதவாது. அவனுக்கு வேண்டியது நாட்காட்டியும், ஒவ்வொரு வசந்தத்திலும் குனிந்து பார்க்கிற பழக்கமும்தான்.

1981ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில் இதைக் காட்டுவெளியில் நடுவதையும் வளரவிடுவதையும் குற்றமாக்கிற்று. 1990ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி இது கலந்த மண்ணை நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. சொந்தத் தோட்டத்தில் வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல. ஆனால் சட்டம் செய்யாததை வங்கிகள் செய்தன. 2010ஐ ஒட்டி, தோட்டத்தில் நாட்வீட் இருக்கிற வீட்டுக்குக் கடன் இல்லை என்று கடன் கொடுக்கிற ஸ்தாபனங்கள் சொல்லத் தொடங்கின. 2012ல் நில மதிப்பீட்டாளர்களின் சங்கம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கட்டிடத்துக்கு ஏழு மீட்டருக்குள் செடி இருந்தால் அபாயம் பெரிது என்று வகைப்படுத்திற்று. வருஷக்கணக்கில் மருந்தடிப்பதற்கு ஒப்பந்தமும், அதற்கு இன்ஷூரன்ஸ் உத்தரவாதமும் இருந்தால் கடன் கிடைக்கும் என்றாயிற்று. செடியை ஒழிப்பதே ஒரு வியாபாரமாக வளர்ந்தது.

செடி உண்மையில் வீட்டை என்ன செய்கிறது? லீட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஒரு பொறியியல் நிறுவனத்தாரும் சேர்ந்து 2018ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கேட்டது. வட இங்கிலாந்தில் பல வருஷம் கைவிடப்பட்டுக் கிடந்த 68 பழைய வீடுகளையும் பார்த்தார்கள். மரங்களும் புதர்களும் செய்கிற சேதத்தைவிட இது செய்கிற சேதம் அதிகமில்லை. முன்பே விரிசல் இருந்தால் அதில் நுழையும். நல்ல சுவரை இடிக்காது. ஏழு மீட்டருக்கு ஆதாரம் இல்லை. 2022ல் மதிப்பீட்டாளர் சங்கம் ஏழை மூன்றாகக் குறைத்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பத்து வருஷத்தில் வீடுகளின் விலை இறங்கியது நிஜம். விற்க முடியாமல் தவித்தவர்கள் நிஜம். வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. சொத்தின் மதிப்பு என்று நாங்கள் எழுதுவது, அடுத்தவன் என்ன கொடுப்பான் என்பதைப் பற்றிய ஒரு அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தில் பயம் கலந்தால், பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். படிவத்தில் அச்சாகிவிட்ட பயம் சுவரில் விழுந்த விரிசலைவிடக் கெட்டி. செடி சுவரை ஒன்றும் செய்யவில்லை, விலையைச் சரித்தது.

இதையே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் விசாரிக்க நேர்ந்தது. ரயில் பாதைகளை நிர்வகிக்கிற நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் கரையில் பல பத்தாண்டுகளாக நின்ற நாட்வீட், அடுத்தடுத்த இரண்டு சிறு வீடுகளின் நிலத்துக்கடியில் வேரோடிவிட்டது என்று வழக்கு. நஷ்டஈடு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் காரணத்தை மாற்றிற்று. விலை இறங்கியது மட்டும் குற்றமாகாது. தன் நிலத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியாதபடி அதன் அடியில் வேர் கிடக்கிறதே, அதுதான் தொல்லை என்றது. விலை வேறு, வாழ்கிறவனின் அனுபவம் வேறு என்ற இந்த வித்தியாசத்தை நம் விமரிசகர்களில் எத்தனை பேர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்? அந்த இரண்டு வீடுகளும் இருந்த ஊர் மெய்ஸ்டெக். 1886ல் சாம்பல் மேட்டில் பதிவான அதே ஊர். நூற்று முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே செடியின் பேரில் தீர்ப்பு.

*

செடியின் பெயருக்கு முன்னால் 'ஜப்பானிய' என்று ஒரு அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் குற்றம் அதன் அந்நியத்தன்மையில் இருப்பதாக ஒரு தோற்றம். வெளியிலிருந்து வந்தது என்பதையே தீர்ப்பாகச் சொல்கிற பழக்கம் நம்மிடமும் உண்டு. புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று ஏசினவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நாட்வீட்டின் கதை அவர்களுக்கு உதவாது. ஜப்பானில் இந்தச் செடியைத் தின்கிற பூச்சிகள் நூற்றுக்கு மேல். அதைத் தாக்குகிற பூஞ்சைகள் வேறு. இளங்குருத்தைப் பறிக்கிற மனிதன் வேறு. அங்கே அது பல செடிகளில் ஒரு செடி. ஸீபோல்டின் பெட்டியில் செடி வந்தது; அதைத் தின்கிறவர்கள் வரவில்லை. வந்ததல்ல கோளாறு, தன்னைக் கடிக்கிற எதுவும் இல்லாமல், பாராட்டுகிறவர்கள் மட்டும் சூழ வந்து சேர்ந்ததுதான் கோளாறு. 2010ல்தான், நீண்ட பரிசோதனைக்குப் பிறகு, சாறு உறிஞ்சுகிற ஒரு சின்ன ஜப்பானியப் பூச்சியை இங்கிலாந்தில் விட்டார்கள். குளிரில் அது சரியாக வேரூன்றவில்லை. நூற்றறுபது வருஷம் தாமதமாக வரும் விமரிசகனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது.

அந்தப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உட்ரெக்ட் சங்கத்துக் கனவான்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணுக்குப் பட்ட அழகு இருந்தது; இன்றும் இருக்கிறது. 1847ல் அவர்கள் முன் அப்படி ஒரு படிவம் இருந்திருந்தால் 'தெரியாது' என்ற கட்டத்தில்தான் குறி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் பதக்கம் கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்திருக்கலாம். பத்து வருஷம் கழித்து யாராவது ஒருவர் போய், அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருப்பார்.